சிவப்புப் புள்ளி இல்லாத கிணற்றுப் படம்

1961, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

நொய்யல் ஆற்றோரமாகக் கிணறு கிணறாக இறங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து நான் வரைந்த படம் அது. நல்ல தண்ணீருக்கு நீலப் புள்ளி. சாயப்பட்டறைக் கழிவு கலந்த தண்ணீருக்குச் சிவப்புப் புள்ளி. ஏதாவது செய்வார்கள் என்று நம்பி சர்க்காரிடம் கொடுத்தேன். இப்போது அதை அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். என் பெயர் இல்லை, அது போகட்டும். புள்ளிகள் அத்தனையும் நீலம்! வாயில் வைக்க முடியாத எங்கள் கிணறுகூட நீலம்.

காலையில் ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"ரெண்டு கலர்னா செலவாகுமுங்க. அதான் ஒரே கலர்ல அடிச்சுப்போட்டாங்க."

"சரிங்க, சிவப்பு வெச்சு நானே அடிச்சு ஊருக்குக் குடுத்துக்கிறனுங்க."

"அதெப்படிங்க? இப்ப அது சர்க்கார் படமுங்க. பதிப்புரிமை சர்க்காருக்குங்க. அனுமதி கேட்டு மனுப் போடுங்க."

"ஏனுங்க, ஆத்துல சாயத்தை உடறவன் யாருகிட்டீங்க மனுப் போட்டான்?"

அவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

சாப்பிட்டுவிட்டு அதை நிரப்ப உட்கார்ந்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: சிவப்பு மையில் எழுதிய மனுக்கள் ஏற்கப்பட மாட்டா.