ஒன்பது சாம்பல் விட்டில்கள்

மிஷிகன், ஜூலை 19

அன்புள்ள தெயா,

நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த மழை ஊரில் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்த வருடம் செர்ரி குறைச்சல், அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, இப்படி எதையாவது எழுதி விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன்.

நம் கொல்லை விளக்குப் பொறிக்கு வரும் சின்னச் சாம்பல் விட்டில், கோடோ புள்ளியோ இல்லாத இறக்கையை உடம்போடு சுருட்டிக்கொண்டு பொறிக்குள் போட்டு வைக்கும் முட்டை அட்டையில் குச்சி போல ஒட்டியிருக்குமே, அதைத் தெற்கத்திய வகை என்று பதினோரு வருடமாக மாவட்டப் பூச்சிப் பதிவேட்டில் எழுதி வந்தேன். அது வடக்கே ஏறி வந்துவிட்டது என்கிற உன் ஆய்வு என் பதிவுகளின் மேல்தான் நிற்கிறது. தெயா, அது நம் ஊர்ச் சாதாரண வகைதான்.

நீ உறுதி கேட்டாய் என்று, ஊசியில் குத்தி வைத்திருந்த ஒன்பதையும் பூச்சி மன்றத்து வெர்லினிடம் கொண்டுபோனேன். "பாக்க ரெண்டும் ஒண்ணுதான் ஆர்லீன், வயித்தைத் தொறக்காம பேர் வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று கடிந்துகொண்டே வயிற்று நுனியைக் காரக் கரைசலில் வேகவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். முதலாவது சாதாரண வகை என்று தெரிந்ததும், "சரி, ஒருத்தன் வழி தவறி உன் பெட்டிக்குள்ள வந்திருப்பான்" என்று சிரித்தார். நான்காவதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஒன்பதும் அதே சாதாரண வகை. முதல் வருடம் அளவு சிறியதாக இருக்கிறதே என்று தெற்கத்திய வகையின் பெயரை வைத்தேன், பிறகு வந்ததற்கெல்லாம் அதையே எழுதினேன். மற்றவற்றைப் பார்த்து எழுதிவிட்டுப் பறக்க விட்டிருக்கிறேன், அவற்றுக்கு இனி சாட்சி கிடையாது.

அப்பாவோ, "நீ சொல்லலைன்னா பூச்சியா வந்து சொல்லப் போகுது? மொதல்ல புள்ள பட்டம் வாங்கட்டும்" என்றார். உன் மேலுள்ள பாசம். இரண்டு நாள் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இன்று காலை பதிவேட்டுக்குத் திருத்தத்தை அஞ்சலில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னைக் கேட்டிருந்தால் கொஞ்சம் பொறு அம்மா என்றிருப்பாய், நானும் பொறுத்திருப்பேன். கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார். இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் மறக்காமல் காட்டு, தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் கீழே முழுப்பெயர் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ஆர்லீன் ஹவுட்மன்