பல்பை மாற்றவிடாத உனக்கு

போன வாரம் வேலூரில் ஒரு லைட்டுக் கடையில் நான் உன்னை மாதிரியே நடந்துகொண்டேன். கடையின் கூரை முழுக்கக் குட்டி குட்டி ஸ்பாட் லைட்டுகள். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நான் என் பிரவுன் தோல் கைப்பையை ஒவ்வொரு லைட்டுக்கும் கீழே நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்றில் பை மெரூன் ஆனது. இன்னொன்றில் வெளுத்துப்போய் சாம்பல் தட்டியது.

"மேடம், பை நல்லாத்தான் இருக்கு. லைட்டப் பாருங்க" என்றார் கடைக்காரர். கூட வந்த என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நீ வந்திருந்தால் காலில் இருந்த செருப்பையும் கழற்றி நீட்டியிருப்பாய். அந்த மட்டில் நான் மரியாதைக்காரி.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தைத்து வருகிற தோலில் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறம்தானா என்று பார்த்து ஜோடி சேர்க்கிற மேசை நம்முடையது. எதிரெதிரே நின்றே நமக்கு நரை வந்தது. மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட்டை நீ ஒருநாளும் நம்பியதில்லை. "இது பொய் சொல்லுதுடி, ஜன்னலாண்ட வா" என்று ஜோடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். சூப்பர்வைசர் கத்துவார். வெயிலில் பார்த்தால் ஒன்று லேசாகச் சிவந்திருக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தப் புத்தி நம்மை வெளியிலும் விடவில்லை. உன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன அன்று, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ பாட்டுக்குக் கடைவாசலில் இறங்கித் தெருவுக்கே போய்விட்டாய். "ஏம்மா, பில்லு போடாம எங்க போறீங்க?" என்று கடைப்பையன் பின்னாலேயே ஓடிவந்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருப்பா, வெயில்ல பாத்துட்டு வர்றேன். உங்க லைட்டுல எல்லாம் ஜாஸ்தியா மின்னுது" என்றாய். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இப்போது எங்கள் வீட்டைப் புதுப்பிக்கிறோம். கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் என்று பொய்க்கூரை போட்டாகிவிட்டது. அதில் பதிக்கத்தான் இந்த லைட்டுகள். மருமகளுக்கு மஞ்சள் வெளிச்சம் பிடித்திருந்தது. "இதுதான் அத்தை ஓட்டல் மாதிரி இதமா இருக்கு" என்றாள். பாவம், அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்ததும் அணைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. "பகல்ல வேலை இருக்குதுடி, விளக்கு வச்சப்புறம் வா" என்பாய். தெருவே எல்.இ.டி.க்கு மாறிய பிறகும் உன் அறையில் மட்டும் பழைய குண்டு பல்பு. அதற்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாய். "கரண்டு பில்லு உங்க அப்பனா கட்டுவான்?" என்று நான் கிண்டல் செய்தால், "எனக்கு இதாண்டி தோது" என்று பேச்சை மாற்றுவாய். இளைத்திருந்தாய், சுகர் என்றாய், நம்பினேன். முகமும் கண்ணும் மஞ்சளாய் இருந்தன. அந்தப் பல்பின் கீழே என் கையும் மஞ்சள்தான், சுவரும் மஞ்சள்தான்.

உன்னை வாசலில் கொண்டுவந்து கிடத்தியபோதுதான் பல நாளைக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். அது எந்த பல்பின் மஞ்சளும் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஈரல் போய்டுச்சுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு பெரியம்மா. அம்மாதான் பல்ப மாத்த விடல. வெள்ள லைட்டு போட்டா நீங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவீங்கன்னு சொன்னாங்க."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஊருக்கெல்லாம் வெயிலில் வைத்துக் காட்டியவள், எனக்கு மட்டும் எந்த வெளிச்சத்தில் எது தெரியாது என்று கணக்காய்ப் பார்த்து உட்கார்ந்தாயே. நான் உன் பக்கத்தில் அழுதுகொண்டாவது இருந்திருப்பேன் அல்லவா? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

கடைக்காரரிடம், "ரொம்ப மஞ்சளும் வேணாம், நீலம் பாஞ்ச வெள்ளையும் வேணாம். மனுஷ மூஞ்சிய உள்ளபடி காட்டுற லைட்டு குடுங்க" என்றேன். அவர் முதல்முறையாக என்னை மதித்துப் பார்த்தார். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்குமாம். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லதாம். ஒரு லைட்டுக்கு ஏழு வாட்ஸ்தான். ஒன்றே உன் குண்டு பல்பின் அளவுக்கு வெளிச்சம் தரும். "கரண்டு கம்மிதானே, பன்னெண்டா போட்டுடலாம்" என்றார் எங்களோடு வந்திருந்த எலக்ட்ரீஷியன். பன்னிரண்டு போட்டால் அப்புறம் என்ன மிச்சம்? ஆறு போதும் என்றேன். கைப்பை அந்த லைட்டில் பிரவுனாகவே இருந்தது. மருமகளும் அரை மனதாய்ச் சரி என்றாள்.

இன்று சாயங்காலம் முதல்முறையாக ஆறையும் போட்டோம். மருமகள் வேலையிலிருந்து வந்து கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்து, "நல்லாத்தான் இருக்கு அத்தை" என்று சிரித்தாள். நான் லைட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அழுது துடைத்த கன்னம். எத்தனை நாளாய் இப்படி இருக்கிறாளோ, நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

"இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல அத்தை. புது லைட்டு இல்ல, அப்படிக் காட்டுது."

"இது அப்படிக் காட்டுற லைட்டு இல்ல. வா, இப்படி உக்காரு."

பையைக் கீழே வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன். நீ மட்டும்தான் மறைப்பாயா?