மச்சான் பெயரும் பனிவாத்து முட்டைகளும்

என் மகளும், செத்துப்போன என் அக்காவின் பெயரைச் சுமப்பதால் எனக்கு அக்காவுமான நிவியாக்குக்கு, ஆர்வியாட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், அவளுக்கு முழங்காலில் வலி, எனக்கு அவள் பேச்சில் வலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. கடல் பனி இன்னும் கரையை விட்டுப் போகவில்லை. நீயும், வயிற்றில் இருப்பவரும், மாப்பிள்ளை டேனியலும் அங்கே நலம்தானே. கால் வீக்கம் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள், நேற்றுத்தான் போனில் கேட்டாயே என்றேன், அது நேத்து வீக்கம், இது இன்னிக்கு வீக்கம் என்கிறாள்.

நீ இருக்கும் வின்னிபெக்குக்கு மேலே பனிவாத்துகள் கூட்டம் கூட்டமாகப் போவதாக வசந்தத்தில் நீ சொன்னாய் அல்லவா, அதுகள் நல்லபடியாக இங்கே வந்து சேர்ந்துவிட்டன. வந்தது கொஞ்சநஞ்சமல்ல, தரை வெள்ளையாகக் கிடப்பது பனியா வாத்தா என்று தெரியவில்லை. கரையோரத்துப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டு வெறும் சேறாக்கி வைத்திருக்கின்றன, கூடு கட்ட இன்னும் உள்ளே தள்ளிப் போகின்றன. எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வாத்துகள் தெற்கே வயல்களில் தின்று கொழுத்துவிட்டு முட்டையிட மட்டும் இங்கே வருகின்றன, நம் ஊர்ப் பெண்களோ இங்கே தின்று வளர்ந்துவிட்டு பிள்ளை பெற ஆஸ்பத்திரி தேடித் தெற்கே விமானம் ஏறுகிறார்கள். யாரிடம் தப்பு என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் தங்காதவன், பெரிய யோசனை எல்லாம் பாதியிலேயே நின்றுவிடும்.

போன சனிக்கிழமை நானும் அம்மாவும் நாலு சக்கர வண்டியில் முட்டை எடுக்கப் போனோம், உன் அத்தை மியாலியையும் கூட்டிப்போனோம். அவள் புருஷன், உன் துலுகாக் மாமா, குளிர்காலத்தில் கண்ணை மூடியதிலிருந்து அவள் வீட்டை விட்டு வரவே இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை, தைப்பதையும் நிறுத்திவிட்டாள். மாமா இருந்தால் அந்த வண்டியில் எனக்குக் காது மிஞ்சாது. என் மச்சான் சுட்டா வாத்துக்கு அடிபடாது, சிரிச்சே சாகும் என்பார். நரிக்கு முட்டையப் புதைச்ச இடம் அடுத்த வருசமும் ஞாபகம் இருக்கும், இவனுக்கு வண்டிய நிறுத்துன இடம் இப்பவே மறந்திருக்கும் என்பார். இந்த முறை நரி எங்கள் கண்ணெதிரே முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது, கிண்டல் பண்ண ஆளில்லை.

ஒவ்வொரு கூட்டிலும் ஒன்றிரண்டை விட்டுவைத்து, கடற்பறவை கண்ணில் படாமல் இறகால் மூடி, மற்றதை எடுத்தோம். வாளி நிறைந்துவிட்டது. எனக்கு ஆசை அடங்குமா, கோட்டின் தலைமூடி முதுகில் பை மாதிரித் தொங்குகிறதே என்று அதிலும் முட்டைகளை அடுக்கினேன். அப்போது பனிப்பக்கமிருந்து வெள்ளைக்கரடி ஏறி வந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை, கூடு கூடாக நின்று நிதானமாகத் தின்றது, தாய் வாத்துகள் கத்திக்கொண்டு மேலே சுற்றின. வண்டியக் கிளப்புங்க என்று அம்மா கத்தினாள். கிளப்பினேன், முகத்தில் காற்று அடித்தது, பழக்க தோஷம், பின்னால் கையை விட்டுத் தலைமூடியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அவ்வளவுதான். முட்டை காதில், கழுத்தில், முதுகில். கண் தெரியாமலே வெகு தூரம் ஓட்டினேன். நிறுத்தியபோது பின்னால் அழுகைச் சத்தம் என்று நினைத்துத் திரும்பினேன், மியாலி சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் நீர் கொட்டுகிறது. ஐயோ அண்ணே, அவரு இதப் பாக்காமப் போயிட்டாரே, இது ஒண்ண வச்சே பத்து வருசம் ஓட்டியிருப்பாரே என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றி என் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள், அண்ணே, நிவியாக் அவர் பேர வைப்பாளா, அவரே திரும்பி வந்த மாதிரி இருக்கும், ஆணோ பொண்ணோ எதுனாலும், கேட்டு மட்டும் சொல்லு என்று.

டேனியல் வீட்டார் பெயர் பார்த்துவிட்டார்கள் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருந்தது. அம்மாவும் பிள்ளையை நெருக்காதீங்க என்கிறாள். நெருக்கவில்லை. ஒரு குழந்தைக்கு நாலு பெயர் தாங்கும் என்பது உனக்கே தெரியும், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா போனபின் உன்னை முதல்முறை அக்கா என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் நான் சாப்பிட்டேன், அதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல். மியாலி மறுபடி ஊசியை எடுத்திருக்கிறாள். விரல் நீளத்துக்குச் சின்னக் காலணி தைக்கிறாள், யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

தலையில் உடையாமல் தப்பிய முட்டைகளை விமானத்தில் அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்குவதை மட்டும் வேகவைத்துத் தின்னுங்கள், மிதப்பது வேண்டாம். உனக்கு வலி சீக்கிரம் வந்து சீக்கிரம் விடட்டும், குழந்தைக்குப் பலமான கையும் சூடான வீடும் கிடைக்கட்டும். பிறந்ததும் போன் பண்ணி அதன் காதில் போனை வை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நீ பேசு, நான் அதை மச்சான் என்று கூப்பிடலாமா என்று சொல்லிவிடு. மியாலி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

உன் தம்பியும் அப்பாவுமான,
சைமோனி