சாக்கரோ, ஃபுட்பாலோ

கோர்டன்,

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பின்கதவைப் பூட்டிவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது, "ஃபுட்பால்னா அது இங்கிலாந்துலதான். நம்ம ஊருல அதையே சாக்கர்னு பேரு வச்சு ஆடுறாங்க, அதை எவன் பார்ப்பான்?" என்று சிரித்தாய். உன் மகள் மார்லிஸ் பாதியில் எழுந்து போனதை நீ கவனிக்கவில்லை. இன்று மதியம் நம் ஊர் அணிக்கு அவள்தான் கோல்கீப்பர், முதல் தடவையாக. அதைச் சொல்லத்தான் உனக்காகக் காத்திருந்தாள்.

உன் இங்கிலாந்து ஆட்டமும் அதே நேரத்தில்தான் டிவியில் வருகிறது. தெரியும். அவள் ஆட்டத்துக்கான டிக்கெட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். கட்டாயமில்லை.

லொரெட்டா

பி.கு. கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா வந்தா கோலுக்குப் பின்னாடி உட்காரச் சொல்லும்மா. அவர் கத்துறது கேட்டா பயம் போயிடும்." வருவாய் என்றும் நான் சொல்லவில்லை, வரமாட்டாய் என்றும் சொல்லவில்லை.