விரலில் நூல் சுற்றியவள்

படச்சட்டத்தின் கீழ் விளிம்பில் மெழுகு வடிந்து காய்ந்து கிடக்கிறது. இன்று காலை ஈரத் துணியோடு துடைக்கப் போனேன். குப்பென்று தேவாலய வாசனை வந்தது. நீ வாங்கி மாட்டிய ஓவியத்தில் தேவாலய வாசனை! நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, ஒழுங்காக அழக்கூட என்னால் முடியவில்லை. கோபம்தான் வருகிறது. உன் வீட்டு ஆட்களை நினைத்தாலே இரத்தம் கொதிக்கிறது.

இந்தப் படத்தை நாம் முதன்முதலில் கண்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் நாட்டுக்குப் புதிது. ஆங்கில வகுப்பிலிருந்து நம்மை ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கும் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வெளியே பனி, எல்லாருடைய சப்பாத்துக்குள்ளும் ஈரம். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில ஓவியர் ஒருவரின் படங்களை அங்கே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். கிரேக்கப் புராணக் கதைகளையே வாழ்நாள் முழுக்க வரைந்த மனிதர். குளத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள், கிண்ணத்தில் மந்திர மருந்து கலக்கும் பெண்கள். வகுப்பு ஆட்கள் அரைகுறை உடுப்பைக் கண்டு கூச்சப்பட்டுக் கன்ரீன் பக்கம் போய்விட்டார்கள். நானும் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாடி, தேத்தண்ணி குடிப்பம். உந்தக் குளிருக்குள்ள உவளவைக்கு ஒரு கோட் குடுக்க ஆளில்லை."

நீ அசையவில்லை. இந்தப் படத்துக்கு முன்னால் நின்றாய். கரும்பாறையில் நீலத் துணி சுற்றிய ஒரு பெண். தலைமயிர் காற்றில் பறக்கிறது. தூரத்தில் நகத்தளவில் ஒரு கப்பல். அவள் கையிலிருந்து நூல் தொங்குகிறது. கதையை வகுப்பு ஆசிரியை சொன்னார். உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத மாளிகைக்குள் ஓர் அரக்கனைக் கொல்லப் போன வீரனுக்கு, திரும்பி வருவதற்காக நூலுருண்டை கொடுத்தவள் இவள். அவன் பிழைத்து வந்தான். அவளையும் கப்பலில் ஏற்றினான். வழியில் ஒரு தீவில், அவள் தூங்கும்போது விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"பாவம், அழுறாள்," என்றேன் நான்.

"எடி விசரி, வடிவாப் பார். அழுறவள் நூலை விரலில இப்பிடிச் சுத்துவாளே? விரல் நுனி ரத்தம் கட்டிச் சிவந்து கிடக்கு. அவளுக்குக் கோவமடி."

அப்போது உன் கணவர் கொழும்பில் இருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்காக நீ பேக்கரியிலும் கிளீனிங்கிலும் மாறி மாறி நின்று உடம்பை முறித்துக்கொண்டிருந்தாய். வந்த மனிதர் கால் ஊன்றியதும் இன்னொருத்தியோடு மார்க்கம் நகரத்துக்குக் குடிபோனது பிறகு நடந்த கதை. ஆனால் அந்த விரலை நீ அதற்கு முன்பே கண்டுவிட்டாய். அதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

கடையில் அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை வாங்கிச் சட்டம் போட்டு மோர்னிங்சைட் அபார்ட்மென்டின் வரவேற்பறையில் மாட்டினாய். நூலகத்திலிருந்து அந்த ஓவியரைப் பற்றிய தடித்த புத்தகங்களைக் காவி வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாய். "எல்லாருக்கும் ஒரே முகத்தைப் போட்டிருக்கிறானடி. தேவதையும் அவள்தான், சூனியக்காரியும் அவள்தான்," என்று கண்டுபிடித்தவள் நீ. மற்ற ஓவியர்களின் தேவதைகளுக்குக் கால் வெண்ணெய்க்கட்டி மாதிரி இருக்கும், இவருடைய பெண்களின் குதிக்காலில் மண் ஒட்டியிருக்கும் என்பாய். நான் விடமாட்டேன். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் உந்த வெள்ளைக்காரற்ற கப்பல் நின்ற காலத்தில் உவர் கிரேக்கத்துப் பெட்டைகளைப் படமாக் கீறிக்கொண்டு இருந்திருக்கிறார் என்று பொரிந்து தள்ளுவேன்.

"நல்லாத் திட்டு. விட்டிட்டுப் போனவனையும் சேர்த்துத் திட்டு. திட்டி முடிச்சிட்டு உந்தப் பாறையில தண்ணி வழியிறதைப் பார்," என்பாய்.

அந்தப் பாறையை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் தொட்டால் கை நனையும்போல்தான் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஓவியருக்குக் கைவண்ணம் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். "படம் உனக்கு. உவங்களுக்கு விளங்காது."

விளங்கத்தான் இல்லை. முப்பத்தோராம் நாள் சடங்கில், மண்டபத்தில் சாப்பாட்டோடு உன் கல்வெட்டைக் கையில் தந்தார்கள். இறந்தவரின் வாழ்க்கையையும் தேவாரங்களையும் சேர்த்து அச்சடிப்பார்களே, அந்தப் புத்தகம். முதல் பக்கத்தைத் திறந்தேன், உன் கல்யாணப் படம்! "பாசமிகு கணவரின் உறுதுணையோடு இனிதே இல்லறம் நடத்தினார்" என்று கொட்டை எழுத்தில். அந்த மனிதர் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். உன் தம்பி கேட்டு நான் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். ஓவியக்கூடம், புத்தகங்கள், இந்தப் படம் எல்லாம் அதில் இருந்தன. அச்சில் வந்தது ஒரே ஒரு வரி: "ஓய்வு நேரங்களில் கலைகளை ரசித்தார்."

உன் தம்பியை மண்டபத்து மூலையில் மறித்தேன்.

"அக்கா, சபைக்கு நாலு பேர் வருவினம். அத்தான் இல்லாமல் கல்வெட்டு அடிச்சால் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் அவர் விட்டிட்டுப் போகேக்கையும் கதைச்சது தம்பி. அவள்தான் தனிய இருந்து கேட்டவள். சரி, படம் எங்கை?"

"எந்தப் படம்? ஓ, அந்த மாதா படமோ? எங்கட அக்கா ஏன் வேதக்காரற்ற படத்தை வைச்சிருந்தாவோ தெரியேல்ல. சாமிப் படத்தைக் குப்பையில போடக்கூடாதெல்லே, பக்கத்து வீட்டு அன்ரிட்டக் குடுத்திட்டன்."

எத்தனை வருடம் அந்தச் சுவருக்குக் கீழே இருந்து நீ சமைத்ததைச் சாப்பிட்டவன்! ஒரு தடவை, ஒரேயொரு தடவை, "அக்கா, இது ஆர்?" என்று கேட்டிருக்கக் கூடாதா?

நேரே உன் அபார்ட்மென்டுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அன்ரி கதவைத் திறந்தார். உள்ளே மேசையில் நீ மாட்டியிருந்த படம், முன்னால் பிளாஸ்டிக் பூ, எரியும் மெழுகுதிரி. நீலத் துணி மாதாவின் போர்வையாம். தொங்கும் நூல் செபமாலையாம். கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதாவாம். அன்ரியின் மூத்த மகன் கடலில் போய்த் திரும்பாதவன் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். அது நினைவுக்கு வந்தும் என் வாய் நிற்கவில்லை.

"இது மாதா இல்லை அன்ரி. ஒருத்தன் விட்டிட்டுப் போன பெண். அந்தா, விரலைப் பாருங்கோ. கோவத்தில நிக்கிறாள்."

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மாதாவுக்கும் கோவம் வந்திருக்கும்தானே பிள்ளை? மகனைக் கொன்றுபோட்டாங்கள். உனக்குக் கோவமோ எண்டு ஆர் அவவைக் கேட்டது? அழுகிற மாதாவைத்தான் எல்லாரும் செய்து வைச்சிருக்கினம்."

அன்ரி திரியை ஊதி அணைத்தார். குளிக்கிற துவாயில் படத்தைச் சுற்றி என் கையில் தந்தார். "உன்ர சிநேகிதியின்ர எண்டால் நீ கொண்டுபோ. நான் பார்த்திட்டன்."

உன்னோடு நான் வாக்குவாதப்பட்ட அத்தனை வருடத்துக்குப் பிறகு, உன்னைப்போல் இந்தப் படத்தைப் பார்த்த இரண்டாவது ஆள் அவர்தான். மெழுகைத் துடைக்க எடுத்த துணியை இன்று திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று உன் தம்பி எனக்குப் போன் எடுத்தான். உன் முதலாம் வருட ஆட்டைத் திவசமாம், மண்டபம் பதிந்தாயிற்றாம். "அத்தான்தான் முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்யிறார். கட்டாயம் வாங்கோ அக்கா."

"வாறன். படத்தையும் கொண்டுவாறன்."

"எந்தப் படம், மாதா படமோ?"

"ஓம், அதுதான். அத்தானை அதுக்கு நேர முன்னால இருத்து."

அவர் ஒருவேளை "பாவம், அழுறாள்" என்பார். அப்போது நான் எழும்புவேன். அத்தனை சபைக்கும் கேட்க, நீ அந்தப் பனிநாளில் சொன்னதை அப்படியே சொல்வேன். வடிவாப் பாருங்கோ. அவளுக்குக் கோவம்.