கடவுளின் மூக்கருகே ஒரு தாமரை

இன்று காலை தாதர் பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி வாழையிலைச் சுருளைப் பிரித்தார். உள்ளே நீல அல்லி. அந்த மெல்லிய இனிப்பு வாசனை முகத்தில் பட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது, சிநேகிதி. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். செம்பூரில் நான் மாலை கொடுத்துவந்த கோயிலில், பூக்கட்டிலிருந்து ஒரு தாமரையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூ பழைய தண்ணீரில் கிடந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். இருபது வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன். கோயில் நிர்வாகி அதைக் கவனித்துவிட்டார். "சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பாக்கிறியா? இனிமே இங்க வராதே" என்று எல்லார் முன்னாலும் கூடையைத் தள்ளினார். நான்கு நாள் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிழைப்புப் போனது ஒரு பக்கம். சாமியையே அவமதித்துவிட்டேனோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

ஐந்தாம் நாள், மியூசியக் காவலர் சீருடையோடு நீ வந்தாய்.

"கெளம்புட்டி. எங்க மியூசியத்துல எகிப்து சாமானெல்லாம் வந்திருக்கு. நீ பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

ஹார்பர் லைன் ரயிலில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, நீ நின்றுகொண்டே வந்தாய்.

மியூசியத்தில் நீ காட்டியது, எகிப்தின் பழைய கோயில் சுவர்ச் சிற்பம் ஒன்றின் பெரிய நகல். அரசன் ஒருவன் கடவுளின் முன் நின்று ஆளுயரப் பூச்செண்டை நீட்டுகிறான். உச்சியிலிருந்த தாமரை, பார்க்க நம் நீல அல்லி மாதிரியே இருந்தது, கடவுளின் மூக்கை ஒட்டியிருந்தது.

"பாத்தியா? அவங்க சாமிக்கு மூக்குக்கு நேராத்தான் பிடிக்காங்க. பூச்செண்டுக்கும் உசுருக்கும் அவங்க பாஷையில ஒரே சொல்லாம். வழிகாட்டுற பொண்ணு சொல்லுறத தெனம் பத்து தடவ கேக்கேன், மனப்பாடம் ஆயிட்டு."

"ஆனா இதுல சாமிதான மோக்குது? நான் சாமிக்கு முந்தில்லா மோந்துட்டேன்" என்றேன்.

நீ என்னை முறைத்தாய். "கெட்டுப்போன பூவை சாமி மூக்குல கொண்டு வைப்பியா? அது கெட்டுறக்கூடாதுன்னுதான நீ மோந்த?"

அங்கேயே அழுதுவிட்டேன். நீ என்னை மறைத்தாற்போல் நின்றுகொண்டாய்.

அப்போது வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்தோடு வந்து, இந்தச் செண்டை எப்படிக் கட்டினார்கள் என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். "மேலேருந்து கீழ கட்டியிருக்காங்க. ஒரு அடுக்கோட காம்பை அடுத்த அடுக்குப் பூ மறைக்குது" என்று என்னையறியாமல் முணுமுணுத்தேன். நீ அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவ பூக்காரி. இவகிட்ட கேளுங்க" என்று இந்தியில் சொன்னாய். எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் நான் சொல்லச்சொல்ல அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். கூட்டத்தில் இருந்தவர்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள். பேரம் தவிர வேறெதையும் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் கடை போட்டேன். அடுக்கடுக்காகச் செண்டு கட்டினேன், கல்யாண ஆர்டர்கள் வந்தன. மூன்றாம் மாதம் கோயிலிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். போனேன். பூவை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பேன், சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்கினேன். நிர்வாகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.

பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சலில் மூன்றே நாளில் நீ போய்விட்டாய். உனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. நமக்குள் என்ன நன்றி என்று இருந்துவிட்டேன். காரியம் முடிந்த அன்று உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, அம்மா எல்லார்ட்டயும் சொல்லுவாங்க, எங்க மியூசியத்துல வந்து பாடம் நடத்துனவ என் கூட்டாளின்னு."

போன மாதம் ஸ்டேஷன் ரோட்டில் பூக்கடைகளுக்கு இடம் ஒதுக்க முனிசிபாலிட்டியில் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேர் வாய்மூடி உட்கார்ந்திருந்தோம். குழாயடிக்குப் பக்கத்தில் நிழலான இடம் வேண்டும், வெயிலில் பூ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று எழுந்து சொன்னேன். கொடுத்துவிட்டார்கள். எப்படி அவ்வளவு தைரியமாகப் பேசினாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். உன் பெயரைச் சொன்னேன். அவர்களில் யாருக்கும் உன்னைத் தெரியாது. பரவாயில்லை, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.