நீ ஒட்டிய கருமெழுகு

ஆற்றைத் தாண்டி டாலாத் துறையில் இறங்கியதுமே அந்த வாசனை வந்து அடித்தது. புயலில் உடைந்த படகுகளைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, பலகை இடுக்குகளில் கருமெழுகை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கொசுத்தேனீக் கூட்டிலிருந்து எடுக்கிற அதே மெழுகு. போன வேலையை விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மெழுகை எனக்குக் காட்டியவள் நீ. கல்யாணமாகித் தின்கன்ஜூனில் என் வீட்டுக்கு வந்தபோது, உன் பெட்டியில் துணி சுற்றிய உன் அப்பாவின் கேன் இருந்தது. மூங்கில் குழல்களை இரண்டு வரிசையாக ஒரு மரக்குமிழில் செருகிய வாத்தியம். மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். லாவோஸிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து அதுவும், உனக்குக் கற்றுத்தந்த 'லாம்' பாட்டுகளும்தான். அவர் போனபின் நீ பாடுவதை விட்டிருந்தாய். ஏன் என்றேன். பர்மாவில் மனைவி புருஷனைக் கூப்பிடுகிறபடி என்னை 'அக்கோ', அண்ணன், என்பாய். "கேன் இல்லாம லாம் இல்ல அக்கோ. அது கதவத் தொறந்தாத்தான் குரல் உள்ள வரும்."

அலோன் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தாலும், நானாகவே ஆர்மோனியம் பழகிக் கோயில் பஜனைக்கு வாசித்தவன் நான். ஒரு குழலை உருவிப் பார்த்தேன். ஆர்மோனியத்துக்குள் இருப்பது போன்ற உலோக நாக்குதான். எனக்கு அது போதும். மூச்சு முட்டி, இருமி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகினேன். "யானைக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஒரு குழலின் விரல்துளையை மெழுகால் அடைத்துவிட்டால், பாட்டு முடியும்வரை அது சுருதிப்பெட்டி மாதிரி நிற்காமல் ஒலிக்கும். முதல் பாட்டு முடிந்ததும் அந்த மெழுகைச் சுரண்டி வேறு துளையில் வைக்கப் போனாய். கையைப் பிடித்தேன்.

"சுருதி ஒண்ணுதான்டி. பாட்டுக்குப் பாட்டு மாத்த அது என்ன இடுப்புல கட்டுற லோஞ்சியா?"

"எங்கள்ல அப்படியில்ல, அக்கோ."

"இந்த வீட்டுல அப்படித்தான்."

சுரண்டிய மெழுகை உள்ளங்கையில் உருட்டினாய். பிறகு அதே துளையில் மெழுகை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாய். அன்றிலிருந்து உன் எல்லாப் பாட்டும் அந்தச் சுருதியில்தான். நான் வாசித்துக் கதவைத் திறப்பேன். நீ கண்ணை மூடி, "ஓ ல நோ..." என்று இழுத்தபடி உள்ளே வருவாய். உச்சியில் உன் குரல் நடுங்கி உடைகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் அழகு என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புயலுக்கு முந்திய மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உங்கள் வழக்கத்தில் சாவு வீடு ஊமையாக இருக்கக்கூடாது. "அழுதுக்கிட்டு உக்காராதீங்க, வாசிங்க" என்று முன்பே சொல்லியிருந்தாய். கேனை எடுத்தேன். "பொணத்த வச்சுக்கிட்டுக் கச்சேரியா?" என்றார் கோயில்காரர் ஒருவர். அவரை எழுந்து போகச் சொன்னேன்.

கெங்துங் ஊரிலிருந்து உன் சித்தப்பா மகன் வந்திருந்தான். நான் ஊதத் தொடங்கியதும் தலையைத் தூக்கினான். பர்மியில் கேட்டான்.

"அக்கோஜீ, இது சோகப்பாட்டாச்சே. சுருதி வேற துளையில வரணும். இதுல பாடினா தொண்டை கிழிஞ்சிடும். அக்கா இதுலயா பாடிச்சு?"

"எப்பவும் இதுலதான்."

அவன் மெதுவாக அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினான். தாழ்ந்து, தரையோடு இழைந்து போகிற பாட்டு. உடைகிற இடமே அதில் இல்லை. உன் பாட்டு என்று நான் நினைத்திருந்ததை அன்றைக்குத்தான், நீ கேட்காத அன்றைக்குத்தான், முதல்முறையாகக் கேட்டேன்.

அவன் கத்தியை எடுத்தான். "சுரண்டி மாத்தித் தர்றேன். போற உயிருக்குச் சரியா வாசிங்க."

"குடுங்கப்பா" என்றாள் நம் மகள்.

கொடுக்கவில்லை. கடைசியாக நீ வைத்த மெழுகு அது. அதில் உன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அதே சுருதியில் வாசித்தேன். நீ நுழைகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். கூரையில் மழை மட்டும் கேட்டது. அவன் பாட வாயெடுத்தான். கையைக் காட்டி அடக்கினேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னதற்கு நாள் முழுக்கச் சண்டை போட்டவள் நீ. இதற்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? தொண்டை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த மெழுகு காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. காற்று கசிந்து சுருதி விட்டுவிட்டு வருகிறது. டாலாவில் நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்டு, படகுக்காரர் ஓர் உருண்டையை இலையில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இலையைப் பிரிக்கவில்லை.

மாலையில் கேனை எடுத்து, விரிசலின்மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொள்கிறேன். சுருதி நிற்கிறது. அந்த விரல் இனி வேறு துளைக்குப் போக முடியாது. அது வாசித்த ஸ்வரம் பாட்டில் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும். விரலை எடுக்க மாட்டேன்.